முப்பத்தாறாவது அறை: கற்றலே கதையான ஒரு சண்டைப்படம்



இன்றைய உரையின் பொருள் ஒரு சண்டைப்படம். 1978ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஹாங்காங்கில் வெளியாகி, உலகெங்கும் ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்’ என்ற பெயரில் அறியப்படும் அப்படத்தை லாவ் கார்லியுங் இயக்கினார். நி குவாங் திரைக்கதை எழுதினார். ஷா சகோதரர்களின் நிறுவனம் தயாரித்தது. கார்டன் லியு என்னும் நடிகர், சான் தே என்ற இளந்துறவியாக நடித்தார். குத்தும் உதையும் நிறைந்த ஒரு படத்தைப் பற்றிப் பேச ஓர் அவை கூட வேண்டுமா என்று கேட்போர் உண்டு. கூடத்தான் வேண்டும் என்பதே இவ்வுரையின் துணிபு. ஏனெனில், ஒரு மனிதன் ஒரு கலையை எப்படிக் கற்கிறான், எத்தனை முறை தோற்றுக் கற்கிறான், கற்றபின் அதை யாருக்குக் கொடுக்கிறான் என்னும் மூன்று கேள்விகளை இத்தனை பொறுமையோடும் இத்தனை அழகோடும் எடுத்துக்கொண்ட திரைப்படங்கள், எந்த மொழியிலும், எந்த வகையிலும் மிகச் சிலவே.

முதலில் அப்படம் பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும். ஷாங்காயில் திரைத்தொழிலைத் தொடங்கிய ஷா குடும்பத்தினருள் ரன்மீ ஷாவும் ரன் ரன் ஷாவும் 1920களில் சிங்கப்பூருக்கு வந்து, மலாயா முழுவதும் திரையரங்குகளை நிறுவினர். சிங்கப்பூரில் அவர்கள் நடத்திய மலாய்ப் படநிறுவனத்தில் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள் பலர் பணியாற்றினர். சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் அவர்களுள் ஒருவர். பின்னர் ரன் ரன் ஷா ஹாங்காங்குக்குச் சென்று, கிளியர்வாட்டர் விரிகுடாப் பகுதியில் ஒரு மலைச்சரிவை வாங்கி, 1961இல் ‘மூவிடவுன்’ என்னும் படநகரைத் திறந்தார். நிலையான கோட்டைகள், கோயில்கள், கடைத்தெருக்கள், தையற்கூடங்கள், நடிப்புப் பள்ளி, மாதச் சம்பளத்துக்கு ஒப்பந்தமான நடிகர்கள் என ஓர் ஆலையின் ஒழுங்கோடு அந்நகர் இயங்கிற்று. படப்பிடிப்பின்போது ஒலியைப் பதிவு செய்யாமல், பின்னர் மாண்டரின் மொழியில் டப்பிங் செய்துவிடுவது அங்கே வழக்கமாக இருந்தது. தெருவும் கோயிலும் அப்படியே நிற்க, படத்துக்குப் படம் பெயர்ப்பலகை மட்டும் மாறும்.

அந்த ஆலையில்தான் தற்காப்புக்கலைப் படங்களின் பொற்காலம் எழுந்தது. 1966இல் கிங் ஹு இயக்கிய ‘கம் டிரிங்க் வித் மீ’, 1967இல் சாங் சே இயக்கிய ‘தி ஒன்-ஆர்ம்டு ஸ்வோர்ட்ஸ்மேன்’ ஆகியவை வாள்வீச்சுப் படங்களுக்குப் புதிய உயிர் ஊட்டின. 1970களின் தொடக்கத்தில் வாள் கீழிறங்க, வெறுங்கைச் சண்டை மேலெழுந்தது. ஷா நிறுவனத்தின் ‘கிங் பாக்ஸர்’ 1973இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்குள் நுழைந்து பெரும் அலையை எழுப்பியது. அதன் நாயகனாக நடித்த லோ லியேதான் இன்றைய உரைக்குரிய படத்தின் கொடிய தளபதி. அதே 1973இல் புரூஸ் லீயின் ‘எண்டர் தி டிராகன்’ வந்தது. அது திரைக்கு வருமுன்பே, ஜூலை 20ஆம் நாள், அம்மாவீரர் மறைந்துவிட்டார். அவருக்குப் பின் என்ன செய்வதென்று அறியாமல், அவருடைய சாயலையும் பெயரையும் ஒட்டவைத்துக்கொண்ட எத்தனையோ படங்கள் வரிசையாக வந்து வரிசையாக மறக்கப்பட்டன. அந்த வெறுமைக்கு நடுவில், வேறொரு திசையிலிருந்து ஒருவர் வந்தார்.

யார் அந்த லாவ் கார்லியுங்? திரைக்கு வந்தபின் சண்டை கற்றவர் அல்லர்; சண்டைக்கலை வீட்டுச் சொத்தாக இருந்து, அதைத் திரைக்குக் கொண்டுவந்தவர். குவாங்டோங் மாநிலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த வோங் ஃபெய்-ஹுங் என்னும் புகழ்மிக்க ஆசான், மருத்துவராகவும் இருந்தவர். அவருடைய மாணவர் லாம் சாய்-விங். அவருடைய மாணவர் லாவ் சாம். அந்த லாவ் சாமின் மகனே லாவ் கார்லியுங். இக்குடும்பம் பயின்ற முறைக்கு ஹுங் கா என்று பெயர். கால்களை அகல ஊன்றித் தாழ நிற்கும் நிலை, முன்கைகளின் உரம், புலியின் பிடியும் கொக்கின் கொத்தலும் கலந்த அசைவுகள் ஆகியவை அதன் அடையாளங்கள். தென்சீனத்தில் பெருகிய குங்ஃபூ முறைகளுள் அது தலையாயது.

1949 முதல் ஹாங்காங்கில் வரிசையாக எடுக்கப்பட்ட வோங் ஃபெய்-ஹுங் படங்களில் சிறுவேடங்களிலும் சண்டைக் காட்சிகளிலும் தொழில் பழகிய லாவ், 1960களில் ஷா நிறுவனத்தில் சாங் சேயின் படங்களுக்குச் சண்டைப் பயிற்சியாளர் ஆனார். 1975இல் ‘தி ஸ்பிரிச்சுவல் பாக்ஸர்’ படத்தின் மூலம் இயக்குநராக உயர்ந்தார். ஸ்டண்ட் மாஸ்டர் ஒருவர் கதை சொல்லும் நாற்காலியில் அமர்வது அக்காலத்தில் புதுமை. அது ஏன் முக்கியம்? சாங் சேயின் படங்களில் சண்டை என்பது இரத்தம் சிந்தும் வீரச்சாவுக்கு வழி. லாவின் படங்களிலோ சண்டை என்பது ஒரு கல்வி, அதற்கு இலக்கணம் உண்டு, பரம்பரை உண்டு, ஒழுக்கம் உண்டு. 1976இல் அவர் இயக்கிய ‘சேலஞ்ச் ஆஃப் தி மாஸ்டர்ஸ்’ படத்திலேயே இந்த மனநிலை தெளிவாகத் தெரிகிறது. இளம் வோங் ஃபெய்-ஹுங் பயிற்சி பெற்றுத் திரும்பி, எதிரியைக் கொல்லாமல் மன்னிக்கிறான். அந்த இளைஞனாக நடித்தவரும் கார்டன் லியுதான். லாவ் சாமின் பயிற்சிக்கூடத்தில் சிறுவயது முதல் பழகி, அக்குடும்பத்தின் வளர்ப்பு மகனாகி, அக்குடும்பப் பெயரையே ஏற்றவர் அவர். ஆகவே, படத்தில் ஆசானும் மாணவனும் என்று வருவதெல்லாம் படத்துக்கு வெளியிலும் ஆசானும் மாணவனுமாகவே இருந்தது.

இனிக் கதைக்கு வருவோம். 1644இல் மஞ்சு இனத்தார் பெய்ஜிங்கைக் கைப்பற்றிச் சிங் பேரரசை நிறுவியபின், தென்சீன மக்களின் உள்ளத்தில் கனன்ற எதிர்ப்பே கதையின் களம். லியு யூ-தே ஒரு மாணவன். புத்தகம் சுமக்கும் வயது. அவனுடைய ஆசிரியர் மறைமுகமாகக் கிளர்ச்சியாளர்களோடு தொடர்புடையவர். செய்தி வெளிப்படுகிறது, தளபதி தியென் தாவின் படை பள்ளியை அழிக்கிறது, நண்பர்களும் குடும்பத்தாரும் கொல்லப்படுகின்றனர். காயம்பட்ட மாணவன் மடாலயத்துக்குக் காய்கறி கொண்டுசெல்லும் வண்டியில் ஒளிந்து ஷாவோலினை அடைகிறான். பழிவாங்கும் கதைகளுக்கு உரிய எல்லாப் பொருள்களும் முதல் அரைமணி நேரத்திலேயே வந்துவிட்டன. இனி என்ன வேண்டும்? ஒரு பாட்டு நேரத்துக்குப் பயிற்சி, பிறகு இறுதிச் சண்டை, அவ்வளவுதானே?

இங்கேதான் லாவ் கார்லியுங் தம் பேரறிவைக் காட்டுகிறார். பிற படங்கள் ஓடிக் கடக்கும் இடத்தில் அவர் வண்டியை நிறுத்திவிடுகிறார். படத்தின் நடுப்பகுதி முழுவதும் பயிற்சிதான். தளபதி திரையில் இல்லை, பகைவர் எவரும் இல்லை, காதல் இல்லை, ஓர் இளைஞனும், அவனுடைய சொல்பேச்சுக் கேளாத உடலும், அடுத்தடுத்த அறைகளும் மட்டுமே இருக்கின்றன. ஆயினும் பார்ப்பவர் கண்ணை எடுப்பதில்லை.

அந்த அறைகள் எவை? ஷாவோலின் மடாலயத்தில் முப்பத்தைந்து பயிற்சி அறைகள் இருப்பதாகப் படம் கற்பனை செய்கிறது. ஒவ்வோர் அறையும் உடலின் ஒரு திறனுக்கு உரியது: சமநிலைக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று, மணிக்கட்டுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, தலைக்கு ஒன்று, பிறகு காலுக்கு, முட்டிக்கு, படைக்கலங்களுக்கு என்று அவை விரியும். சான் தே என்று துறவுப்பெயர் பெற்ற இளைஞர், நெடுநாள் காத்திருந்தபின், எந்த அறையில் தொடங்க விருப்பம் என்று கேட்கப்பட்டதும், மிக உயர்ந்த அறையையே கேட்கிறார். அங்கே முதிர்ந்த துறவிகள் சூத்திரம் ஓதிக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் ஓதுவதை அவரால் புரிந்துகொள்ளவும் இயலவில்லை, அங்கே நிற்கவும் இயலவில்லை. கைபடாமலே தள்ளுண்டு விழுகிறார். பிறகு தாமே வந்து அடிப்படியிலிருந்து தொடங்குகிறார். பேராசையைக் கடிந்துரைக்க ஒரு வசனமும் அங்கே இல்லை. விழுந்த உடம்பே அவருக்குப் பாடம் சொல்லிவிடுகிறது.

முதல் அறை உணவுக்கூடத்துக்குச் செல்லும் வழி. வாயிலுக்கும் கூடத்துக்கும் இடையில் நீர்த்தொட்டி; நடுவில் மிதக்கும் மரக்கட்டைக் கட்டு. அதன்மேல் ஒரு கால் வைத்துத் தாவிக் கடந்தால் சோறு, நனைந்தால் பட்டினி. மூத்தவர்கள் பேசிக்கொண்டே கடக்கின்றனர், புதியவரோ தொப்பென்று விழுகிறார். எத்தனை எளிய காட்சி! எனினும், கல்வியின் ஒரு பெரிய உண்மை அதில் அடங்கியுள்ளது: பசி ஆசிரியராக நிற்கிறது, தண்ணீர் தேர்வாளராக நிற்கிறது, விளக்கம் சொல்ல எவரும் இல்லை. அவர் இரவில் தனியே வந்து விழுந்து விழுந்து பழகுகிறார். வலிமையாகத் தாவினால் கட்டை அமிழும், மென்மையாகத் தொட்டால் அது தாங்கும் என்பதை அவருடைய பாதம் கண்டுபிடித்த பின்னரே அவருடைய மூளை அறிகிறது.

அடுத்து வரும் தண்ணீர் சுமக்கும் காட்சி இப்படத்தின் புகழுக்கே அடையாளமாக நிலைத்துவிட்டது. இரண்டு வாளிகள் நிறையத் தண்ணீர். அவற்றைக் கைகளைத் தொங்கவிட்டு எடுத்துச் செல்லக்கூடாது. தோளுக்கு நேராக இருபுறமும் கைகளை நீட்டி, அந்நிலை மாறாமல், மேட்டின்மேல் ஏறி, மேலேயுள்ள தொட்டியில் ஊற்ற வேண்டும். கை தாழ்ந்தால்? கைகளின் உட்புறத்தில் கத்திகள் கட்டப்பட்டுள்ளன. அவற்றின் முனைகள் விலாவை நோக்கி இருக்கின்றன. கை ஓர் அங்குலம் இறங்கினாலும் முனை உறுத்தும். மேலும் இறங்கினால் குத்தும். கேமரா முதலில் முழு உருவத்தையும் காட்டுகிறது; பிறகு நடுங்கும் தோளுக்குப் போகிறது; பிறகு கத்திமுனைக்கும் உடம்புக்கும் இடையிலுள்ள மிகச் சிறிய இடைவெளிக்குப் போகிறது. அந்த இடைவெளிதான் அக்காட்சியின் கதை முழுவதும். அருகில் நிற்கும் மூத்தவர் திட்டவும் இல்லை, இரங்கவும் இல்லை. தண்ணீர் கொண்டுவருவது மடாலயத்துக்கு நாள்தோறும் வேண்டிய வேலை. அதே வேலை தோளை இரும்பாக்கும் பயிற்சியும் ஆகிறது. உழைப்பும் கல்வியும் ஒன்றாகும் அந்த இடத்தை இயக்குநர் நன்றாக உணர்ந்தே படைத்திருக்கிறார்.

மணிக்கட்டு அறையில், நீண்ட கழியின் முனையில் கனத்த எடை பொருத்தப்பட்டிருக்கிறது. கழியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, ஒரு துறவியின் தாளத்துக்கு ஏற்ப, அந்த எடையால் மணியை அடிக்க வேண்டும். ஓரிரு முறை எவரும் அடித்துவிடலாம். தாளம் தப்பாமல் அடித்துக்கொண்டே இருப்பதில்தான் மணிக்கட்டு முறியும் நிலைக்கு வருகிறது. கண்ணுக்குரிய அறையில், முகத்தின் இருபக்கமும் பெரிய ஊதுவத்திகள் புகைய, தலை அசையாமல், ஊசலாடும் சுடரைக் கண்மணிகள் மட்டும் தொடர்ந்து செல்ல வேண்டும். தலை திரும்பினால் கன்னம் சுடும். தலைக்குரிய அறையில், வரிசையாகத் தொங்கும் மணல்மூட்டைகளை நெற்றியால் மோதித் தள்ளிக்கொண்டு போய்ப் புத்தர் திருமுன் வணங்க வேண்டும். மோதி மோதி மயங்கிய கண்களோடு கார்டன் லியு தள்ளாடி நிற்கும் முகத்தில், நகைப்பும் வேதனையும் ஒருங்கே தோன்றுகின்றன. அவர் உடலால் நடிக்கத் தெரிந்தவர் என்பதை எல்லாரும் சொல்வர். முகத்தாலும் அவர் எத்தனை நுட்பமாக நடித்தார் என்பதற்கு இந்த அறையே சான்று.

ஒன்று கவனிக்கத்தக்கது. இவ்வறைகளை வரலாற்று ஆவணமாகக் கொள்ளுதல் கூடாது. ஹெனான் மாநிலத்துச் சோங்ஷான் மலையில் ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில், இந்தியாவிலிருந்து வந்த பாத்துவோ என்னும் துறவிக்காக வடக்கு வெய் அரசர் எழுப்பிய ஷாவோலின் மடாலயம் உண்மை. ஏழாம் நூற்றாண்டில் அதன் துறவிகள் பின்னாளில் தாங் பேரரசர் ஆன லி ஷிமினுக்குப் போரில் துணைநின்றதும், அதைக் குறிக்கும் கல்வெட்டு 728இல் நிறுவப்பட்டதும் உண்மை. அறைகளோ திரைக்கதையின் படைப்பு. தமிழ் அவையில் ஷாவோலின் என்றதும் போதிதருமர் நினைவுக்கு வருவது இயல்பு. 2011இல் வெளிவந்த ‘ஏழாம் அறிவு’ அந்நினைவை இளையோரிடம் இன்னும் பரப்பிற்று. அவர் தென்னிந்திய அரச குடும்பத்தில் பிறந்தவர் என்று பழைய சீனக் குறிப்பு ஒன்று கூறுகிறது. மேற்றிசை நாட்டவர் என்று மற்றொன்று கூறுகிறது. காஞ்சிபுரத்தோடு அவரைச் சேர்த்துச் சொல்லும் மரபும் உண்டு. எனினும், அவரே ஷாவோலின் சண்டைக்கலைக்கு மூலவர் என்னும் செய்தி பதினேழாம் நூற்றாண்டு நூல் ஒன்றிலிருந்தே கிளைத்தது என்பதை ஆய்வாளர் நிறுவியுள்ளனர். பெருமை கொள்வதற்கு முன் இவ்வேறுபாட்டை அறிந்துகொள்வது நல்லது. தியானத்தைக் கொண்டுசென்ற ஒரு ஞானிக்கு அதுவே போதிய பெருமை. குத்துச்சண்டையையும் அவர் தோளில் ஏற்ற வேண்டியதில்லை.

மீண்டும் மடாலயத்துக்குள் செல்வோம். முப்பத்தைந்து அறைகளையும் சான் தே வியப்பூட்டும் விரைவில் முடித்துவிட்டார். ஏதேனும் ஓர் அறைக்குத் தலைவராகும் தகுதி அவருக்கு வந்துவிட்டது. அப்போது ஒழுங்குக்குப் பொறுப்பான மூத்த துறவி எதிர்க்கிறார். தம்மை வென்று காட்டட்டும் என்கிறார். அவர் கையில் இரட்டைக் குறுவாள்கள். லீ ஹொய்-சாங் என்னும் நடிகர் அத்துறவியாக நின்று காட்டும் மிடுக்கு, வில்லனாக வரும் தளபதிக்கும் இல்லை. சான் தே தோற்கிறார். படைக்கலத்தை மாற்றிக்கொண்டு வருகிறார், மீண்டும் தோற்கிறார்.

இதை எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லாப் பாடங்களையும் முடித்த மாணவன் ஏன் தோற்க வேண்டும்? கற்றுக்கொடுக்கப்பட்டதை அப்படியே திருப்பிச் செய்வதோடு கல்வி நின்றால், கற்பித்தவரை எவரும் கடக்கவே இயலாது என்பதால்தான். மூங்கில் தோப்பில் தனித்திருந்து பழகும்போது, அடிபட்டு முறிந்த மூங்கில் தொங்கி ஆடும் விதம் அவர் கண்ணில் படுகிறது. கம்பு நீண்டது, ஆனால் வளையாது. குறுவாள் உள்ளே புகுந்துவிடும். கம்பு மூன்று துண்டாகி, துண்டுகள் சங்கிலியால் இணைந்தால்? தொலைவில் நிற்பவரை வீச்சால் அடிக்கலாம். அருகில் வந்தவரை இரு துண்டுகளால் மறிக்கலாம். வாளைச் சங்கிலியில் சிக்கவைக்கலாம். மூன்று துண்டுக் கழி பிறக்கிறது, மூத்த துறவி தோற்கிறார், தோற்றதில் மகிழ்கிறார். அக்கழி உண்மையில் சீனத்தில் வழங்கிவந்த பழைய படைக்கலம். படம் அதன் பிறப்புக்கு ஒரு கதையைக் கட்டியிருக்கிறது. கட்டிய கதையே ஆனாலும், புதியதைக் கண்டுபிடிக்கும் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது அரிது.

சண்டை எடுக்கப்பட்ட முறையையும் இங்கே சொல்ல வேண்டும். லாவ் கார்லியுங் தம் நடிகர்களைத் தலைமுதல் கால்வரை காட்டுகிறார். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் வெட்டு விழுவது குறைவு. ஐந்தாறு அசைவுகள், சில சமயம் அதற்கும் மேற்பட்ட அசைவுகள், ஒரே ஷாட்டில் ஓடுகின்றன. யார் அடித்தார், அது ஏன் பட்டது, மற்றவர் எப்படித் தடுத்தார் என்று பயிற்சியே இல்லாத பார்வையாளரும் பின்தொடர முடிகிறது. கேமராவை ஆட்டியும் காட்சியைத் துண்டுதுண்டாக வெட்டியும் வேகத்தை உண்டாக்கும் இன்றைய வழக்கத்துக்குப் பழகிய கண்கள், இந்தத் தெளிவைக் கண்டு முதலில் திகைக்கும். பிறகு விட மனம் வராது. தெரியாதவர் செய்வதை மறைக்க வெட்டு தேவைப்படும். தெரிந்தவர் செய்வதைக் காட்ட அது எதற்கு?

வெற்றிக்குப் பின் சான் தே என்ன கேட்கிறார்? அறைத் தலைமையை அவர் கேட்கவில்லை. முப்பத்தாறாவதாக ஓர் அறை வேண்டும் என்கிறார். அந்த அறை துறவிகளுக்கு உரியது அன்று. வெளியில் வாழும் எளிய மக்களுக்கு, அடக்குமுறையில் அல்லலுறும் குடியானவருக்கும் தொழிலாளிக்கும் ஷாவோலின் கலையைக் கற்பிக்கும் அறை. மடாலயத்தின் விதி அதற்கு இடந்தரவில்லை. உலக விவகாரங்களிலிருந்து விலகி நிற்பதே மடத்தின் நெறி. கேட்டது குற்றமென்று தீர்ப்பாகிறது. தண்டனை என்ன? மடாலயத்தை விட்டு வெளியேறி, ஊர் ஊராகச் சென்று மக்களிடம் பொருள் திரட்டி வர வேண்டும்! தண்டனையின் வடிவில் தலைமைத் துறவி கதவைத் திறந்துவிடுகிறார். விதியையும் மீறவில்லை, வேண்டுகோளையும் மறுக்கவில்லை. அடங்கிய குரலில், சில நொடிகளில் முடிந்துவிடும் இக்காட்சியில் எந்தச் சண்டையும் இல்லை; ஆனால் இந்தப் படத்தின் சிகரம் இதுவே என்று துணிந்து கூறலாம்.

மறைபொருளை ஊருக்குச் சொல்லத் திருக்கோட்டியூரில் உயர ஏறி நின்ற இராமானுசரின் செய்தியை வைணவ மரபு வழிக் கேட்டு வளர்ந்த தமிழ் நெஞ்சுக்கு, சான் தேயின் வேண்டுகோள் புதிதாகத் தோன்றாது. அறிவு சிலருக்கே உரியதா, பலருக்கும் உரியதா என்னும் வழக்கு எல்லா நாட்டிலும் நடந்திருக்கிறது.

சான் தே ஊருக்குத் திரும்பி, இளைஞர் பலரைச் சேர்க்கிறார். அரிசி ஆலையில் உழைப்பவன் ஒருவனும் அவர்களுள் இருக்கிறான். இங்கே இயக்குநர் தம் வாழ்வையே படத்துக்குள் வைத்திருக்கிறார். அந்த இளைஞருள் ஹுங் கா மரபின் முன்னோராகப் போற்றப்படுவோரின் பெயர்களும் வருகின்றன. அவர்கள் வழியேதான் அக்கலை வோங் ஃபெய்-ஹுங்குக்கும், அவர் வழியே இறைச்சிக் கடைக்காரர் என்று சொல்லப்படும் லாம் சாய்-விங்குக்கும், அவர் வழியே லாவ் சாமுக்கும் வந்து சேர்ந்ததாக மரபுக்கதை கூறுகிறது. அப்படியானால், முப்பத்தாறாவது அறை திறக்கப்படாமல் போயிருந்தால் லாவ் கார்லியுங் என்ற சண்டைக் கலைஞரே இல்லை, இப்படமும் இல்லை. தம்மை உண்டாக்கிய கதவுக்கு ஒரு கலைஞர் செலுத்திய நன்றியாக இதைப் பார்க்கும்போது, படத்தின் ஒவ்வோர் அறையும் வேறொரு கனத்தோடு தெரிகிறது.

தளபதி தியென் தாவுடன் நிகழும் இறுதிப்போர் திறமையாக அமைந்ததே. மூன்று துண்டுக் கழியின் வீச்சு கண்ணைக் கவர்வதே. எனினும், அது கடமைக்கு வந்த காட்சி என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. பழி முடிந்தபின் படம் அங்கேயே முடிந்துவிடுவதில்லை. மடாலயத்துக்குத் திரும்பி, புதிய அறையில் குடிமக்கள் பயிற்சி பெறுவதைக் காட்டிய பின்னரே நிறைவுறுகிறது. தளபதியின் சாவைவிட அந்தப் பயிற்சிக்கூடமே பெரிய வெற்றி என்று இயக்குநர் கருதினார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அந்த அறைக்குள் பின்னர் யார் யார் நுழைந்தனர்? நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவைச் சேர்ந்த கறுப்பின இளைஞர் குழு ஒன்று, தேய்ந்த படச்சுருள்களிலும் தொலைக்காட்சியிலும் குங்ஃபூ படங்களைப் பார்த்து வளர்ந்து, தங்கள் தீவுக்கே ஷாவோலின் என்று பெயர் சூட்டிக்கொண்டு, 1993ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டது. குழுவின் பெயர் வு-டாங் கிளான். தொகுப்பின் பெயரிலேயே முப்பத்தாறு அறைகள் இடம்பெற்றன. குழுவின் தலைவர் ரிசா, இப்படம் தம்மை எவ்வளவு பாதித்தது என்பதைப் பலமுறை சொல்லியுள்ளார். தாம் இயக்கிய ‘தி மேன் வித் தி அயர்ன் ஃபிஸ்ட்ஸ்’ படத்தில் கார்டன் லியுவையே நடிக்கவும் வைத்தார். க்வென்டின் டரான்டினோ ‘கில் பில்’ இரண்டு பாகங்களிலும் கார்டன் லியுவுக்கு வேடம் கொடுத்தார். இரண்டாம் பாகத்தில் அவர் கடுமையான ஆசானாக வந்து, மாணவியைத் தண்ணீர் சுமந்து படியேற வைக்கிறார். 1978இல் வாளி சுமந்தவர், 2004இல் வாளி சுமக்க வைத்தார். ஷா நிறுவனத்தின் படக்களஞ்சியத்தை 2000ஆம் ஆண்டில் செலஸ்டியல் பிக்சர்ஸ் வாங்கிப் புதுப்பித்து வெளியிட்டதால், இன்றைய மாணவர் அக்காட்சிகளை அவற்றின் அசல் அகலத்திலும் நிறத்திலும் காணலாம்.

லாவ் கார்லியுங் 2013ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் மறைந்தார். அவருடைய படங்களுள் எதை அடுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்கும் இளைஞருக்கு, 1980இல் அவரே இயக்கிய ‘ரிட்டர்ன் டு தி 36த் சேம்பர்’ படத்தைச் சொல்லலாம். அதில் கார்டன் லியு சான் தே அல்லர். சான் தே என்று சொல்லி ஊரை ஏமாற்றப் பார்க்கும் ஒரு போக்கிரி. சாயப்பட்டறைத் தொழிலாளிகளின் கூலி குறைக்கப்படுகிறது. அவர்களுக்காகப் போலி வேடமிட்டு அகப்பட்டு அவமானப்பட்ட அவன், உண்மையான சான் தேயைத் தேடி மடாலயத்துக்குப் போகிறான். அவனுக்கு எந்த அறையிலும் இடமில்லை. மடாலயத்தைப் புதுப்பிக்கச் சாரம் கட்டும் வேலைதான் கிடைக்கிறது: மூங்கில் சுமப்பது, ஏறுவது, குறுக்கும் நெடுக்குமாக வைத்து முடிச்சுப் போடுவது. வேலை முடிந்து, ஒன்றும் கற்கவில்லையே என்ற வருத்தத்தோடு வெளியேறிய பின்னரே, எதிரியின் கைகால்களைச் சாரக்கம்புகளைக் கட்டுவதுபோல் கட்டிப்போட அவனுக்குத் தெரிந்திருப்பது அவனுக்கே விளங்குகிறது. முதற்படத்தில் மடாலயத்துக் கலை தொழிலாளியிடம் சென்றது. இரண்டாம் படத்தில் தொழிலாளியின் வேலையே கலையாகி அவன் கூலியை மீட்டுக் கொடுக்கிறது.